ஆறு கிளாஸ், ஐந்து பாட்டில்

நண்பர் வீட்டுத் தோட்டத்தில் எட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆட்களும் எட்டுப் பேர்தான். ஆனால் ஒரு நாற்காலியின் கால் மணலில் புதைந்து சாய்ந்திருந்தது. அதில் யார் போய் உட்காரப் போகிறார்களோ என்று எனக்குக் கவலை. பெரிய கவலை ஒன்று இருக்கும்போது சின்னக் கவலைகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்வது என் வழக்கம்.

பெரிய கவலை என் மூக்கு. அந்த வருஷம் மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போனபோது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கற்பூரம், பெருங்காயம், தலைவலித் தைலம் எல்லாவற்றையும் மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. செங்கல்பட்டு டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கு முழங்கால் வலி என்பதால் காலையில் அடுப்பைப் பற்ற வைத்துக் காபி போடுவது நான்தான். வாசனை தெரியாத கிழவன் கேஸ் அடுப்போடு குடித்தனம் நடத்துகிறான் என்று தெரிந்தால், பெங்களூரில் இருக்கும் மகன் அடுத்த பஸ்ஸில் வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அவனுடைய மாடி வீட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் வைன் ருசி பார்க்கக் கூப்பிட்டார் நண்பர். சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஆய்வுக்கூடத்தில் அவரும் நானும் ஒரே மேஜையில் வேலை பார்த்தவர்கள். ஓய்வு பெற்றதும் மாமல்லபுரத்துக்கு வெளியே, சவுக்குத் தோப்பை ஒட்டி வீடு கட்டிக்கொண்டார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள் வந்துபோனபோது சில பாட்டில்கள் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மற்றவை நம் நாட்டுச் சரக்கு. குடிப்பவர்கள் ஐந்து ஆண்கள். மனைவிமார் மூன்று பேரும் தள்ளி உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பது என்று ஏற்பாடு.

ஆளுக்கு ஆறு வகை என்றார். அப்படியானால் முப்பது கிளாஸ் வேண்டும். வைன் கிளாஸ் பன்னிரண்டுதான் இருந்தது. மீதி பதினெட்டும் கண்ணாடி டம்ளர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிடி புளியங்கொட்டை வைத்தார். பிடித்த வைனுக்கு ஐந்து கொட்டை, பிடிக்காததற்கு ஒன்று.

கை கழுவ உள்ளே போனபோது சமையலறை மேடையைப் பார்த்தேன். செய்தித்தாள் சுற்றித் திறந்து வைத்த பாட்டில்கள் ஐந்துதான் இருந்தன. ஆறு வகைக்கு ஐந்து பாட்டில் என்றால் ஒன்று இரண்டு முறை வரும். எங்கள் ஆய்வுக்கூடத்துப் பழைய வழக்கம் அது. ஒரே சோதனை மாதிரியை இரண்டு குப்பியில் ஊற்றி, இரண்டு எண் போட்டு, சோதனை செய்பவருக்கே தெரியாமல் கொடுப்பார்கள். இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் ஆள் சரி. இல்லையென்றால் மாட்டிக்கொண்டான். ஓய்வு பெற்றும் மனிதர் விடவில்லை.

"கிளாஸை ஒரு சுத்து சுத்துங்க. மூக்கை உள்ளே விட்டு நல்லா இழுங்க" என்றார் நண்பர்.

திருக்கழுக்குன்றத்துப் பக்கம் லாரி ஓட்டும் நண்பர் ஒருவர் எங்களோடு இருந்தார். விவசாயக் குடும்பம், இப்போது நான்கு லாரிக்குச் சொந்தக்காரர். அவருக்குக் கிடைத்தது டம்ளர்.

"மூக்கு உள்ள பூட்ச்சு சார், வெளிய வராது போலக் கீது" என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னா சார் இது, கஷாயமாட்டம் கீது. இதுக்கா வெள்ளக்காரன் இந்த ஆட்டம் ஆடறான்?"

"நாக்குல வெச்சுக் கொஞ்ச நேரம் நிறுத்துய்யா."

"லாரியையே நிறுத்த மாட்டேன் நானு."

மற்ற இருவரும் பழைய சகாக்கள். ஒருவர் நாவல்பழ வாசனை என்றார், இன்னொருவர் மழை பெய்த மண் என்றார். என் முறை வந்தது. "நாவல்பழம்தான். ஆனா கொஞ்சம் பழுத்தது" என்றேன். தூரத்திலிருந்து மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளாஸுக்கும் நண்பர் சொன்ன கதை எதுவும் என் காதில் ஏறவில்லை. அவள் பார்வையை எண்ணிக்கொண்டிருந்தேன். நாக்கு மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது. புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு தெரியும். அதை வைத்துக்கொண்டு கொட்டைகளைப் போட்டேன். மூன்றாவதற்கு மூன்று. ஐந்தாவதற்கும் மூன்று.

கடைசியில் நண்பர் எழுந்து நின்று கையைத் தட்டினார். மூன்றாவதும் ஐந்தாவதும் ஒரே பாட்டில். மூன்றாவதை மலிவான உள்ளூர்ச் சரக்கு என்றும், ஐந்தாவதை மகள் கடல் தாண்டிக் கொண்டுவந்தது என்றும் சொல்லி ஊற்றியிருக்கிறார். மற்ற மூன்று பேரும் மூன்றாவதற்கு ஒன்றோ இரண்டோ போட்டு, ஐந்தாவதற்கு ஐந்தை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். லாரி நண்பரும் அப்படித்தான்.

"இங்க மூக்குன்னு ஒண்ணு இருக்கறது இவருக்குத்தான்!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார் நண்பர். மிச்சமிருந்த நல்ல பாட்டிலை என் மடியில் வைத்தார். நான் சிரித்தேன்.

அப்போது நண்பரின் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றார். பஜ்ஜிக்கு மாவு கரைத்த கை.

"மத்தியானத்துலேர்ந்து சொல்றேன், கேஸ் வாசனை வர மாதிரி இருக்கு, வராத மாதிரியும் இருக்கு. யாராவது வந்து பாருங்களேன்."

"கடல் காத்துல உனக்கு எல்லாம் வாசனைதான்" என்றார் நண்பர். பிறகு என்னைப் பார்த்தார். "சாம்பியன் இருக்கார். நீங்க போய் மோந்து சொல்லுங்க. இல்லேன்னுட்டா அவ அடுப்பப் பத்த வைக்கட்டும்."

எல்லாரும் சிரித்துக்கொண்டே என் பின்னால் வந்தார்கள். என் மனைவியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேடையின் கீழே சிலிண்டர். மேடையில் எண்ணெய் ஊற்றிய வாணலி, அதன் பக்கத்தில் லைட்டர். குனிந்தேன். மூச்சை இழுத்தேன். காற்று வந்தது, போனது. அதில் ஒன்றுமில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். பாட்டிலும் என் வீடும் என்னிடமே இருக்கும். நண்பரின் மனைவி லைட்டரைக் கையில் எடுத்தார்.

"அத வெளிய கொண்டு போங்க" என்றேன். குரல் உரக்க வந்துவிட்டது. "என் மூக்கக் கேக்காதீங்க. எனக்கு வாசனையே தெரியாது. காய்ச்சலோட போச்சு. சோப்புத் தண்ணி கொண்டாங்க."

லாரி நண்பர்தான் ஜன்னல்களைத் திறந்தார். சோப்பு நுரையை ரெகுலேட்டரிலும் குழாயிலும் நானே தடவினேன். ரப்பர் குழாய் ரெகுலேட்டரில் சேரும் இடத்தில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பிறகு இரண்டு, மூன்று. ஏழு வரை எண்ணினேன். அதற்குள் நண்பர் ரெகுலேட்டரை மூடிவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. பஜ்ஜி இல்லாமலே கலைந்தோம்.

லாரி நண்பர் தன் காரில் எங்களை வீட்டில் விட்டார். வீட்டு வாசலில் பூட்டைத் திறந்தபடி மனைவி சொன்னாள்:

"ஒரு மாசமா ரசத்துல பெருங்காயம் போடல. ஒரு நாளாவது ஏன்னு கேப்பீங்கன்னு பாத்தேன்."

"பையன் கிட்ட சொல்லப் போறியா?"

"நாளையிலேர்ந்து அடுப்ப நான் பத்த வைக்கறேன். நீங்க கிட்ட வரக் கூடாது."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்யும் வரை அது என்னைத் தின்றது. மணி அடித்ததும் அவள்தான் எடுத்தாள். நான் சோபாவில் உட்கார முடியாமல் எழுந்து நின்றேன்.

"நல்லா இருக்கோம்டா" என்றாள். "உங்கப்பாவுக்கு வைன் குடிக்கறதுல பரிசு கெடச்சிருக்கு. ஊர்லயே பெரிய மூக்காம்."

அந்தப் பக்கம் அவன் சிரிப்பது எனக்குக் கேட்டது. அவள் சிரிக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே என்னைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று நான் போய் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தேன். பிறகு இன்னொரு முறை.