குறை இல்லாத துறை

எங்கள் துறையில் யாரும் விரும்பாத வேலை ஒன்று வந்தால், கூட்டத்துக்கு வராதவர் தலையில் கட்டிவிடுவது வழக்கம். அக்கா தர அங்கீகார ஒருங்கிணைப்பாளர் ஆனதும் அப்படித்தான். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டார். மறுநாள் வந்தபோது அவர் பெயர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. சிவில் பொறியியல் துறையில் எனக்குப் பக்கத்து மேசை, என்னைவிட மூத்தவர், அவ்வளவுதான். மாணவர்களுக்கு அவர் அப்போது கான்கிரீட் மேடம். வகுப்பில் பேசுவதைவிட லேபில் நிற்பதுதான் அவருக்குப் பிடிக்கும். பசங்கள் கலந்து வார்த்த கான்கிரீட் கட்டியை இயந்திரத்துக்குள் வைத்து நசுக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கட்டி உடையும் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். அதைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் அந்தப் பக்கம் போவேன்.

"ஒரே ஒரு வருஷம் மேடம்," என்றார் முதல்வர். "அங்கீகாரம் முழுசா கிடைச்சதும் உங்க லேப் உங்களுக்கே. அதுவரைக்கும் வேற யாராவது பாத்துக்கட்டும்."

அக்கா நம்பினார். லேபுக்குத் தற்காலிக ஆசிரியர் ஒருவர் வந்தார். ஒரு வருஷம் மூன்றாக நீண்டது.

வேலை என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்வது சுலபம். இந்தப் படிப்பில் இதையெல்லாம் சொல்லித் தருவோம் என்று கல்லூரி சொல்கிறது. மாணவன் அதை உண்மையிலேயே கற்றுக்கொண்டானா என்று வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும். திருப்தி என்றால் படிப்புக்கு அங்கீகாரம். இல்லாவிட்டால், எங்கள் பிள்ளைகள் பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே போய் நின்றாலும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கற்றதற்கு ஆதாரம் வேண்டும் என்றதும் எங்கள் ஆட்கள் ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு கற்றலைக் கைகழுவிவிட்டார்கள். கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்வியும் எந்த நோக்கத்துக்கு என்று குறிக்க வேண்டும். ஒருவர் வந்து உரையாற்றினால் போட்டோ வேண்டும். போட்டோவில் தேதி விழவில்லை என்றால் அந்த உரையே நடக்கவில்லை. இவ்வளவையும் மற்றவர்களிடம் கெஞ்சி, துரத்தி, மூக்கால் அழவைத்து வாங்குவது அக்காவின் வேலை.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக், வாய் நிறையப் பேசுகிற மனிதர். ஒரு நாள் அக்காவை அழைத்துப் போக வந்தவர் என்னிடம் சொன்னார்: "பாப்பா பல்லு தேச்சேன்னு சொல்லுது. இவ 'ஆதாரம் எங்க'ன்னு கேக்குறா. நான் குளிச்சேன்னு சொல்லவே பயமா இருக்கு சார்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "தானா வாயில வருது தம்பி," என்றார். "அவ முகம் சுருங்கிப் போச்சு. அப்புறம்தான் நான் என்ன கேட்டேன்னே எனக்குத் தெரிஞ்சுது."

அதற்குள் கான்கிரீட் மேடம் என்ற பெயரும் போய்விட்டது. புதிதாக வந்த பசங்களுக்கு அவர் ஃபைல் மேடம்.

ஆண்டுக்கொரு முறை துறைக் கூட்டம் நடக்கும். மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், அதற்கு என்ன செய்யலாம் என்று பேசி எழுதி வைக்க வேண்டும். முதல் வருஷமே அக்கா நேர்மையாக எழுதினார்: கட்டியை நசுக்கும் இயந்திரத்தில் அளவு காட்டும் முள் பாதியில் சிக்கிக்கொள்கிறது, பசங்கள் எழுதும் விடையை நம்ப முடியாது, பழுது பார்க்க வேண்டும், அல்லது புதிது வாங்க வேண்டும். முதல்வர் அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன மேடம் இது? நம்ம குறைய நாமளே எழுதி வர்றவங்க கையில குடுக்கிறதா?"

"குறை இருக்கே சார்."

"இருக்கட்டும். அது எதுக்கு ஃபைல்ல? எல்லாம் திருப்திகரம்னு போடுங்க."

அடுத்த வருஷமும் அக்கா எழுதினார், முதல்வர் அடித்தார். அதற்கடுத்த வருஷமும் அதே கதை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு 'திருப்திகரம்' என்று தட்டச்சு செய்தார். மற்ற ஆசிரியர்களும் காற்று அடிக்கும் திசையைப் புரிந்துகொண்டு எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு என்று எழுதிக் கொடுத்தார்கள். இயந்திரம் மட்டும் அப்படியே இருந்தது.

குழு வந்தது. மூன்று பேர். தலைவி ஒல்லியான அம்மா, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கூட்ட அறைக்கு அவசரமாகப் பெயின்ட் அடித்ததில் ஜன்னல்கள் ஒட்டிக்கொண்டு திறக்க வரவில்லை. அந்த வாடையில் உட்கார்ந்து அவர் கோப்புகளைப் பொறுமையாகப் புரட்டினார். கடைசியில் கேட்டார்.

"மூணு வருஷத்துல உங்க படிப்புல என்ன குறை கண்டுபிடிச்சீங்க?"

முதல்வர் இதற்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். "ஒரு குறையும் இல்லைங்க மேடம்."

"அப்போ எதையும் சரி பண்ணலையா?"

"சரி பண்ண ஏதாவது இருந்தாத்தானே."

அந்த அம்மா கோப்பை மூடினார். "நீங்களே குறையக் கண்டுபிடிச்சு நீங்களே சரி பண்றீங்களான்னு பாக்கத்தான் நாங்க வந்திருக்கோம். குறையே இல்லாத படிப்பை நான் இதுவரைக்கும் எங்கயும் பாத்ததில்லை. வாங்க, லேபுக்குப் போகலாம்."

லேபில் ஒரு மாணவன் கட்டியை வைத்து இயந்திரத்தை ஓட்டினான். முள் ஏறியது, பாதியில் நின்றது. அவன் கொஞ்சமும் பதறாமல் பேனாவின் பின்பக்கத்தால் கண்ணாடியைத் தட்டினான். முள் ஒரு குதி குதித்து மேலே போனது.

"தட்டினாத்தான் மேடம் ஏறும்," என்றான்.

"யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"சீனியர்ஸ்."

எங்கள் துறையில் உண்மையிலேயே நூற்றுக்கு நூறு கற்றுக்கொள்ளப்பட்ட பாடம் அது ஒன்றுதான்.

"இது இங்க யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டார் அந்த அம்மா. முதல்வர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார் அக்கா.

"தெரிஞ்சும் ஏன் எழுதல?"

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் காலை நன்றாக மிதித்தார். பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, "விட்டுப்போச்சு மேடம்," என்றார்.

குழு அடுத்த அறைக்குப் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன்க்கா? அந்த ஆள் அடிச்சதுக்கு நீங்க ஏன் சிலுவை சுமக்கணும்?"

"எழுதினேன், எடுத்துட்டாங்கன்னு சொன்னா அந்த ஒரு பத்தியோட நிக்காது தம்பி. மொத்த ஃபைலும் பொய்னு ஆயிடும். இந்த வருஷம் வெளிய போற பசங்க என்ன பண்ணுவாங்க? ஒருத்தியோட மறதின்னா அங்கீகாரத்தைக் கொஞ்ச நாளைக்காவது குடுப்பாங்க."

அவர் கணக்குத் தப்பவில்லை. நிபந்தனையோடு இரண்டு வருஷத்துக்குக் கொடுத்தார்கள். பசங்களின் பட்டம் பிழைத்தது. அறிக்கையில் ஒரு வரியும் இருந்தது: குறைகளைக் கண்டறிவதில் ஒருங்கிணைப்பாளர் போதிய கவனம் செலுத்தவில்லை. முதல்வர் அதைக் கூட்டத்தில் குரல் நடுங்காமல் வாசித்தார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அக்கா பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இனிமே ஒவ்வொரு பாடத்துக்கும் ரெண்டு குறை கட்டாயம்," என்றார் முதல்வர். "இல்லன்னா யோசிச்சுக் கண்டுபிடிங்க. மேடம், உங்களுக்குத்தான் இது அத்துப்படி. இன்னும் ரெண்டே வருஷம்."

"என் லேப், சார்?"

"முழுசா கிடைக்கட்டும் மேடம். எங்க ஓடிடப் போகுது?"

அன்றைக்கு ஒருவர்கூட லீவு இல்லை. அக்காவும் வந்திருந்தார். அப்படியும் அவர் தலையில்தான் விழுந்தது.

புதிய இயந்திரம் சீக்கிரமே வந்தது. முள் கிடையாது, எண் பச்சையாக ஒளிரும். குறையைச் சரிசெய்ததற்கு ஆதாரம் வேண்டுமே, அதனால் அக்கா போட்டோ எடுக்கக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். உள்ளே முதல் தடவையாக லேபுக்கு வந்த பசங்கள் இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மேசையில் இருந்த கட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கினார்.

தற்காலிக ஆசிரியர் பதறிப்போய் வாங்கிக்கொண்டார். மரியாதைக்காகத்தான். "உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்? பசங்க வெப்பாங்க."

அக்கா கையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டு பின்னால் வந்து போனை வாங்கினார். பசங்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், பேசாதே என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கட்டி உடைந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் நின்ற பெண் ஒருத்தி திரும்பி, நல்ல பிள்ளையாகக் கேட்டாள். "மேடம், நீங்க எந்த ஆபீஸ்லேருந்து வந்திருக்கீங்க?"

அக்கா, தான் எடுத்திருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தேதி விழல," என்றார். "இன்னொண்ணு எடுக்கணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா."