காரை விட்டு இறங்காத சம்பந்தி

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலையில் பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்த நேரம். போன் அடித்தது. சம்பந்தியம்மா!

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

இப்படித் தொடங்கும் பேச்சு ஏதாவது நல்லபடியாக முடிந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. "சொல்லுங்கம்மா" என்றேன்.

"உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லையா?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. என் ஒரே மகள் தர்ஷினிக்கும், சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் இந்த பிலோமினா அம்மாவின் மகன் டேனியலுக்கும் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது. புடவை எடுத்தாகிவிட்டது. கார்டு அடித்துப் பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. இப்போது வந்து இஷ்டமா, இல்லையா என்றால்...?

"யாரும்மா சொன்னா?"

"ஊரே சொல்லுதுண்ணே! கார்டு குடுக்க வந்தீங்களாம், காரை விட்டே இறங்கலையாம். உங்க ராசாத்தி அக்கா சீராப் தண்ணி கலக்கி எடுத்துக்கிட்டு கார்கிட்டயே வந்திருக்காங்க. வேணாம்னு கையை ஆட்டி வெரட்டி விட்டீங்களாம். வேதக்காரப் பையனுக்குக் குடுக்க மனசில்ல, அதான் பொண்ணோட அப்பா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காருன்னு..."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லச் சொன்னார்.

"மனசில்லன்னா இப்பவே சொல்லிடுங்கண்ணே. எங்க டேனியல எப்படியாச்சும் தேத்திக்கிறேன். மணவறையில நீங்க அப்படி ஒரு மூஞ்சியோட நின்னா அவன் தாங்க மாட்டான்."

சமையலறை வாசலில் தர்ஷினி நின்றிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் காரை விட்டு இறங்கவில்லை. உண்மைதான். கையை ஆட்டினேன். அதுவும் உண்மை. ஆனால் காரணம் வேறு. வாராவாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ரிப்பேர் வரைக்கும் உங்களிடம் ஒப்பிக்கிறவன், இந்த ஒன்றை மட்டும் உங்களிடமும் அமுக்கி வைத்திருந்தேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மூத்திரப்பையில் கேன்சர்.

அட, பதறாதீர்கள்! ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? டிராகன் பழத்தின் மேல் பழியைப் போட்டேன். சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டால் அப்படித்தான் போகும், நம் ஊரில் யாருக்குத் தெரியாது? இரண்டு மூன்று தடவை அதையே சொல்லிச் சமாளித்தேன். கடைசியில் என் மனைவி சாந்தாதான், "வீட்டுல பழம் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு" என்று சட்டையை எடுத்து நீட்டினாள். அவள் அன்று அந்தச் சட்டையை நீட்டியதற்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் காணாது.

ஸ்கோப் விட்டுப் பார்த்தார்கள். கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். அது மறுபடி தலைகாட்டாமல் இருக்க, வாரம் ஒரு முறை சின்னக் குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் மருந்து விடுகிறார்கள். அதைக் கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருந்து, பிறகு போக வேண்டும். போன பிறகு கக்கூசில் பிளீச் ஊற்ற வேண்டும். இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான் — களைப்பு.

லாரி கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த காலத்தில், சுங்கை ஊடாங்கிலிருந்து ஓவர்டைம் முடிந்து வந்து பொத்தென்று விழுவேன். அந்த அலுப்பு ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். இது போகாது. தூங்கி எழுந்தால் எனக்கு முன்னாடியே எழுந்து உட்கார்ந்திருக்கும். பல் விளக்கப் போனால், பாதியில் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். சட்டைக்குப் பொத்தான் போடுவது ஒரு வேலை. போட்டு முடித்ததும் ஓய்வு!

"அது அப்படித்தான் அங்கிள்" என்றார் ஆஸ்பத்திரியில் மருந்து விடும் மிஸ்ஸி. நர்ஸுதான், தமிழ்ப் பிள்ளை. "மருந்து ஒரு காரணம். மனசுக்குள்ள போட்டு அரைக்கிறீங்கல்ல, அது ஒரு காரணம். ராத்திரி சும்மா சும்மா எழுந்து பாத்ரூம் போனா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலை போதும்லா. தெம்பா இருக்கிற நேரத்துல அதை முடிச்சிடுங்க. கொஞ்சம் நடங்க. மிச்ச வேலைய மத்தவங்க பாக்கட்டும். முடியலன்னா, முடியலன்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

எல்லாவற்றையும் செய்யலாம். கடைசியாகச் சொன்னாரே, அதுதான் கஷ்டம். காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அடடா, அனலா கொதிக்குதே" என்பார்கள். காலில் கட்டு இருந்தால் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். களைப்புக்கு என்ன அடையாளத்தைக் காட்டுவது? ஆள் பார்க்கக் கல்லு மாதிரி இருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் அப்பா காலத்தில், "அலுப்பா இருக்கு, இன்னைக்கு வேலைக்கு வரல" என்று ஆள் கணக்கு எடுக்கும் எந்தக் கிராணியிடம் போய்ச் சொல்ல முடிந்தது? நம் அகராதியில் களைப்பு என்றால் சோம்பேறித்தனம். இல்லாவிட்டால் திமிர்.

அதோடு இது கல்யாண வீடு. "கேன்சர்ங்கிற பேச்சே இப்ப வேணாங்க. நல்ல காரியம் முடியட்டும்" என்றாள் சாந்தா. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வீட்டில் நாங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இந்த லட்சணத்தில் கார்டு கொடுக்கக் கிளம்பினோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாதா என்று கேட்காதீர்கள். அது தகவல். அழைப்பு என்றால் அப்பாவும் அம்மாவும் ஜோடியாக வாசல் ஏற வேண்டும், தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமம் வைத்துக் கையில் கொடுக்க வேண்டும், உட்கார வேண்டும், அவர்கள் கலக்கித் தருவதைக் குடிக்க வேண்டும். குடிக்காமல் எழுந்தால் கார்டு கொடுத்ததற்கே அர்த்தமில்லை.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! முதல் வீடு, எங்கள் தங்கா பத்துவிலேயே. டீ. அடுத்த வீட்டில் மைலோ. அதற்கடுத்த வீட்டில் பார்லி, "ஒடம்புக்குக் குளுமைலா, குடிங்க மாமா." போகிற வீட்டிலெல்லாம் முதலில் பாத்ரூமைத்தான் விசாரித்தேன். சிம்பாங் அம்பாட்டில் ராசாத்தி அக்கா வீட்டு வாசலில் கார் நின்றபோது என் கால் இரண்டும் என்னுடையவை இல்லை. "நீ மட்டும் போய்க் குடுத்துட்டு வா சாந்தா. நான் ஏர்கோன்ல ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கிறேன்" என்றேன்.

ராசாத்தி அக்கா என் பெரியப்பா மகள். காலையில் நாசி லெமாக் சோற்றுக் கடை போடுகிறவர். அவர் பொட்டலம் மடிக்கும் வேகத்தைக் கண்டு அசந்து போவீர்கள். செய்தி பரப்பும் வேகம் அதைவிட ஜாஸ்தி. தம்பி உள்ளே வரவில்லையே என்று சீராப்போடு கார் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். அரைத் தூக்கத்தில் நான் பார்த்தது அக்காவையே அல்ல — அந்தப் பெரிய கிளாஸைத்தான். வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் நாசி லெமாக்கோடு சேர்த்து அதுவும் விற்பனையாகிவிட்டது.

போனில் பிலோமினா அம்மா காத்துக்கொண்டிருந்தார். தர்ஷினிக்குப் பின்னால் வந்து நின்ற சாந்தாவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிடுங்க" என்றாள்.

சொன்னேன். டிராகன் பழத்திலிருந்து பிளீச் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. நோயாளி வீட்டில் பெண் எடுக்க வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால்...?

"அண்ணே... இதுக்காகவா இறங்கல?"

"ஆமாம்மா."

"அட ஆண்டவரே!" என்று அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம். உடனே கோபம். "கேன்சர்னு சொன்னா நாங்க பொண்ணு வேணாம்னு ஓடிடுவோம்னு நெனச்சீங்களாண்ணே? எங்கள என்னன்னு நெனச்சீங்க?" பத்து நிமிஷம் திட்டினார். அதுபோல் ஒரு சுகமான திட்டு நான் வாங்கியதே இல்லை. தர்ஷினி வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் சிம்பாங் அம்பாட் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த போன் ராசாத்தி அக்கா.

"ஏன்டா, மூத்திரம் வருதுன்னா என் வீட்டுல கக்கூஸ் இல்லையா? அக்காகிட்ட சொல்றதுக்கு என்னடா வெக்கம்?" அப்புறம் குரல் உடைந்து போனது. "நான் ஒரு கூறுகெட்டவ. வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம..." ஒரு மூச்சு அழுதுவிட்டுச் சொன்னார்: "இனி நீ எங்கயும் போகக் கூடாது. இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாரும் அங்க வர்றோம். ஒக்காந்த எடத்துலேர்ந்து குடு."

"அக்கா, கூப்புடுறவன்தானே வீடு தேடி வரணும்? நீங்க வந்து வாங்கிக்கிட்டா கௌரவக் கொறச்சல் இல்லையா?"

"கௌரவத்தத் தூக்கி ஐஸ்பெட்டில வைடா. கல்யாணம் முடிஞ்சு எடுத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது, பின்னாலேயே கார்கள். சொந்தக்காரர்கள் இறங்கினார்கள், ஒவ்வொரு வீட்டுக்காரர் கையிலும் அவரவர் வீட்டுத் தட்டு. வெற்றிலை பாக்குகூட அவர்களே வைத்திருந்தார்கள்! என் செலவில் கார்டு மட்டும்தான். கேட்டில் நின்று ராசாத்தி அக்கா எல்லாருக்கும் ஆர்டர் போட்டார். "யாரும் டீ கேக்கக் கூடாது. பிளாஸ்க்ல நான் கொண்டாந்திருக்கேன். எப்படி வந்துச்சு, எதனால வந்துச்சுன்னு எவனாவது விசாரிச்சா, வந்த வேன்லயே திருப்பி அனுப்பிடுவேன்." பிலோமினா அம்மா பின்கதவு வழியாகப் போய், சாந்தாவை ஒதுக்கிவிட்டு, ஆபரேஷன் புண் ஆறுவதற்கென்று ஹாருவான் என்கிற விரால் மீன் சூப்பை அடுப்பில் ஏற்றினார்.

நான் சாய்வு நாற்காலியில். பக்கத்தில் சாந்தா. ஒவ்வொருவராக எதிரே வந்து உட்கார, கார்டைத் தட்டில் வைத்து, "குடும்பத்தோட வந்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாந்தாவின் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். கார்டை எடுத்தேன்...

அப்படியே தூங்கிவிட்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. கண் விழித்தபோது கையில் கார்டு அப்படியே இருந்தது. சித்தப்பா எதிரே அப்படியே இருந்தார், மடியில் தட்டுடன். ஹால் நிறைய ஆட்கள், தரையிலும் மாடிப்படியிலும். யாரும் டிவி போடவில்லை. யாரும் போனில் கத்தவில்லை. பிள்ளைகள்கூட வாயில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும்தான். நீங்களே சொல்லுங்கள் — நம் சொந்தக்காரர்கள் இத்தனை பேர் ஒரே ஹாலில் சத்தமில்லாமல் உட்கார்ந்து எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

"எழுந்துட்டியா?" என்று கிசுகிசுத்தார் ராசாத்தி அக்கா. "அவசரம் ஒண்ணும் இல்ல. இன்னும் தூங்கணும்னா தூங்கு."

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. அடக்கவும் இல்லை. முடியவில்லை என்று வாய் திறந்து சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று பயந்து கிடந்தேனே... சொன்னதும் எனக்குக் கிடைத்தது இந்த மனிதர்கள். நோய் வந்ததற்கு நன்றி சொல்ல நான் பைத்தியம் இல்லை. ஆனால் என் தூக்கத்துக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்த இத்தனை பேரையும் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

சித்தப்பா வாங்கினார். மிச்சப் பேர் வாங்கினார்கள். கடைசியில் ஒரு தட்டு நீண்டது. நிமிர்ந்தேன். பிலோமினா அம்மா, முந்தானையில் ஈரக் கையைத் துடைத்தபடி.

"சம்பந்தி, நீங்க மாப்பிள்ள வீடு! உங்களுக்கு எதுக்குக் கார்டு?"

"எனக்கும் உங்க கையால வேணும்ணே. மனசோட குடுக்குறீங்கன்னு நான் பாக்கணும்."

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழப் போனேன். "வேணாண்ணே, ஒக்காந்தே குடுங்க" என்று பதறினார். ராசாத்தி அக்கா அதட்டினார். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. சாந்தாவின் தோளைப் பிடித்து எழுந்து, நிமிர்ந்து நின்று, இரண்டு கையாலும் அந்தக் கார்டைக் கொடுத்தேன்.

"எங்க பொண்ண உங்க வீட்டுக்குக் குடுக்குறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்மா."

மிஸ்ஸி சொன்ன அந்த ஒரு பெரிய வேலை, அன்றைக்கு அதுதான்... முடித்துவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டேன்!