ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுத்த முட்டை

மணலில் நிற்காது என்று ஊரே சிரித்த இடத்தில் ஐஸ் கம்பெனி கட்டினேன். நாலாம் வகுப்போடு நின்றவன் விசைப்படகு வாங்கினேன். அதனால்தான் எழுபதுகளின் கடைசியில், கல்லூரியின் விலங்கியல் வாத்தியார் காரைக்கால் கடற்கரையில் என்னைத் தேடி வந்தார். ஒல்லி மனிதர். மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழகி, பேசும்போதும் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

“கடல் முள்ளெலி, அதாங்க உருண்டையா முள்ளு முள்ளா வலையில மாட்டுமே, அது உயிரோட வேணுங்க, முதலாளி. வர்றதெல்லாம் வழியிலேயே செத்துடுது. கரு உண்டாகறதைப் பிள்ளைங்க படத்துலதான் பாத்திருக்காங்க.”

வலையில் வந்தவற்றைக் கடல் தண்ணீரிலேயே வைத்து நானே கல்லூரிக்குக் கொண்டுபோனேன். வாத்தியார் அவற்றின் முட்டைகளோடு விந்தைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, பிள்ளைகளுக்கு முன்னால் என்னையே பார்க்கச் சொன்னார். ஒரு முட்டையைச் சுற்றி விந்தணுக்கள் மொய்த்தன. சற்று நேரத்தில் அப்பளம் உப்புவதுபோல் அதன் மேல்தோல் எழும்பியது.

“ஒண்ணு உள்ள போயிடுச்சுங்க. இனி மத்ததுக்கு வழியில்ல.”

“இன்னொண்ணும் போனா என்ன சார்?”

“கரு கெட்டுடும். ரெண்டு பேரு சுக்கான் புடிச்சா உங்க படகு ஓடுமா?”

“சரி, அந்த ஒண்ணு எதுன்னு யாரு முடிவு பண்றா?”

வாத்தியார் இரண்டு கண்ணையும் திறந்து சிரித்தார். “அது எனக்கும் தெரியலைங்க.”

எனக்கு இன்றும் விளங்கவில்லை. அன்று பார்த்த பிள்ளைகள், வாத்தியார் காட்டினார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். காட்டியது அவர்தான். சாகாமல் கொண்டுவந்து சேர்த்தது நான். அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.