பாரம் ஏற்றினால் படுத்துக்கொள்ளும் எஞ்சின்

வெறும் வள்ளத்தை அது தள்ளிக்கொண்டு போகிற அழகைப் பார்க்கணும். துறையில் கயிற்றை அவிழ்த்துவிட்டால் தேங்காப்பட்டணம் காயலில் குதிரை மாதிரிப் போகும். கதம்பை ஏற்றினோமோ, தொலைந்தது. கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும், பிறகு இருமும், முனகும், நடுக்காயலில் படுத்துக்கொள்ளும். கதம்பை என்றால் தேங்காய் உரித்த மட்டை. கயிறு திரிக்கிற ஊர்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் வள்ளத்துக்கு வேலை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எஞ்சின் வைத்த வள்ளம் அது ஒன்றுதான், ஓட்டத் தெரிந்தவனும் நான் ஒருத்தன்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அந்தத் திமிரெல்லாம் நடுக்காயலில் இறங்கிப்போகும். கோல் ஊன்றி வள்ளம் தள்ளுகிறவர்கள் நான் நிற்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள். "என்ன மக்கா, ஒனக்க எஞ்சினு இன்னைக்கும் கஞ்சி குடிக்கல்லியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலாளி சிரிக்கவில்லை. "லே, ஓணத்துக்கு முந்தி இது நேராகணும். இல்லேன்னா இந்தச் சனியனைக் கழத்தி வித்துட்டு, பழையபடி கோல் ஊணவே ஆளு வச்சுக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டார். எஞ்சின் போனால் என் வேலையும் போச்சு. கொழும்புத் துறைமுகத்தில் இருந்த என் அத்தான், புறப்பட்டு வந்தால் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த வேலை போனால் கப்பலேறுவதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டில் என் பெண்டாட்டிக்கு ஏழாம் மாசம். கொழும்புக்குப் போனவன், பிள்ளை ஓடி விளையாடுகிற வயசில்தான் திரும்பி வருவான். அது என்னைப் பார்த்து யாரென்று கேட்கும்.

நானும் விட்டேனா? மண்ணெண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊற்றினேன். பிளக்கைக் கழற்றிச் சுரண்டினேன். கார்ப்புரேட்டரைப் பிரித்து ஊதி ஊதி வாயெல்லாம் எண்ணெய். கதம்பை நார் சுற்றியிருக்குமோ என்று தண்ணீருக்குள் முங்கி விசிறியைத் தடவிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. துறையில் கட்டிப்போட்டு ஓட்டினால் சமத்துப் பிள்ளை போல ஓடும். பாரம் ஏற்றியதும் அதே கதை.

என் தவிப்பைப் பார்த்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. அவள் மயிலாடிப் பக்கத்துக்காரி. அய்யாவழி வீட்டுப் பெண். காலையில் திருமண்ணைக் குழைத்து நெற்றியில் நாமம் இடாமல் அடுப்பு மூட்டமாட்டாள். நானும் அய்யாவழிதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலான தாங்கலுக்குப் போய்க் கும்பிட்டால் உண்டு. எஞ்சின் வைத்த நாளிலிருந்தே, காலையில் எனக்குக் கஞ்சி கொண்டு துறைக்கு வரும்போது, தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் மண்ணும் குழைத்து எடுத்து வருவாள். "அய்யா, நீரே காக்கணும்" என்று முணுமுணுத்து எண்ணெய் டாங்கியின் மூடி உச்சியில் ஒரு நாமம் இழுப்பாள். "இரும்புக்குமாட்டீ நாமம்?" என்று கேட்டால் முறைப்பாள். எஞ்சின் மக்கர் பண்ணப் பண்ண அவள் இன்னும் கனமாக இட்டாள்.

ஓணம் நெருங்கிவிட்டது. அன்றைக்குக் கதம்பையோடு போய், வழக்கம்போல நின்றுவிட்டது. ஆத்திரத்தில், எண்ணெய்தான் தீர்ந்து தொலைந்ததோ என்று டாங்கி மூடியைத் திருகித் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு எஞ்சினைச் சுற்றிவிட்டேன். பிடித்துக்கொண்டது! அக்கரை வரை ஒரு முனகல் இல்லை. அடப் பாவி, இறுக்கி மூடினால் சாகிறாய், திறந்தால் பிழைக்கிறாயா?

அக்கரையில் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்றுப் போக மூடியின் உச்சியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. அதில் வெள்ளை மண் காய்ந்து கல்லாய் இறுகியிருந்தது. காற்றுப் போகாமல் டாங்கி எண்ணெயை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. சும்மா ஓடும்போது கசிகிற கொஞ்சம் போதும், பாரம் இழுக்கும்போது போதுமா? முள்ளை ஒடித்துக் குத்தி எடுத்தேன். சிரிப்பாணி தாங்கவில்லை. அவள் முகம் ஞாபகம் வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

முதலாளியிடம், "காத்துப் போற துவாரம் அடைச்சிருந்துது, முதலாளி" என்று மட்டும் சொன்னேன். எது அடைத்தது என்று அவரும் கேட்கவில்லை. மறைத்துவிடலாம் என்றால், நாளைக்கும் சிரட்டையோடு வருவாளே. அதனால் வீட்டுக்குப் போய், விளையாட்டாகச் சொல்வது போலச் சொன்னேன். அவள் அடுப்படியில், நான் கப்பலுக்குக் கொண்டுபோக எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் கை அப்படியே நின்றது.

"நானே எனக்க கையால ஒங்களைக் கப்பலேத்தி விடப் பாத்தேனே" என்று ஓவென்று அழுதாள். "போட்டும் பிள்ளே, போட்டும்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் கஞ்சி மட்டும் கொண்டு வந்தாள். டாங்கிப் பக்கம் தலையே திருப்பவில்லை. எனக்கு மனசு பொறுக்கவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பி மண் குழைத்துக் கொண்டுவரச் சொல்லி, குனிந்து என் நெற்றியைக் காட்டினேன். "கனமாவே இடுட்டீ. இங்க அடைக்கதுக்கு ஓட்டை ஒண்ணும் கெடையாது."

அவள் சிரிக்கவில்லை. இட்டு முடித்து, "போயிட்டு வாங்க" என்றாள். கொழும்புப் பேச்சு எழுந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயால் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.