மண்ணுக்குத் தாளித்த கடுகு

என் மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் நான் சமையலறையில் கடுகு டப்பாவை எடுத்து, இருந்த கடுகு முழுவதையும் மிக்ஸியில் கொட்டி அரைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு என் மாமியார் வந்து வாசற்படியில் நின்றார்.

“என்னங்க மாப்பிள்ளை, ஊறுகாய் போடறீங்களா?”

“இல்லீங்கத்தை, வேலைக்கு. இதைத் தண்ணியில கரைச்சு மண்ணுல ஊத்தோணும். ஊத்துனா மண்புழுவெல்லாம் மேல வரும். ஆபீஸ்ல கடுகுப் பொடி தீர்ந்துபோச்சு.”

அவர் மிக்ஸியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மண்ணுக்குத் தாளிக்கறீங்களாக்கு,” என்றார்.

இது சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். இருவருமே சிரிக்கவில்லை. நான் மூடியைத் திறந்தேன். கடுகு நெடி மூக்கில் ஏறி இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எத்தனையோ முறை என் முகத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் போன கண்ணீர், கடைசியில் கடுகுக்காக வந்தது.

என் மாமியார் வெலிங்டனில் ராணுவ ஸ்டோர் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாமனார் போன பிறகு குன்னூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. மனைவி பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஜூன் மாதத்தில் ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் மலை இறங்கும்போது நான் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவின் எண் பலகையையும் வாசித்துக்கொண்டே போனேன். எண்களை வாசிப்பதும் எண்ணுவதும்தான் என் தொழில். மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். எங்களை இணைத்து வைத்திருந்த ஆள் இல்லை. திருப்பூரிலிருந்து மாமியாருடைய தம்பி வந்து, “நீ எதுக்குக்கா இங்க, நம்மூட்டுக்கு வந்துரு,” என்று கூப்பிட்டார். காரியம் முடியட்டும் என்றார் மாமியார். அடுத்த முறை கூப்பிட்டபோது மழை முடியட்டும் என்றார். நான் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரிதான் நாட்கள் போயின. சாப்பிட வாங்க, கேஸுக்குச் சொல்லிட்டனுங்க, கரண்ட் போயிருச்சு. நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

என் வேலை தேயிலைத் தோட்டத்து மண்ணில் மண்புழு எண்ணுவது. கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் சரிவில் எட்டுத் துண்டு நிலம் எங்கள் ஆராய்ச்சிக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான்கில் களைமருந்து அடிப்பார்கள். நான்கில் ஆள் வைத்துக் கையால் களை எடுப்பார்கள். எதில் புழு அதிகம் என்று நான் மூன்று வருடமாகப் பார்த்துவந்தேன். மருந்தடித்த மண்ணில் புழு குறைய வேண்டும். மேல் சரிவில் அப்படித்தான் இருந்தது. ஆனால் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த கீழ்ச்சரிவின் இரண்டு துண்டுகளில், மருந்தடித்தும் புழு ஏராளமாக இருந்தது. கையால் களை எடுத்த இடத்தைவிடவும் அதிகம்.

இதற்கு நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். மருந்தில் செத்த களை அங்கேயே மட்கி உணவாகிறது, கீழ்ச்சரிவில் ஈரம் அதிகம், இரண்டும் சேர்ந்து மருந்தின் கெடுதியை மிஞ்சிவிடுகிறது. கட்டுரைக்கு ஒரு வரைபடம்கூடப் போட்டிருந்தேன். சாயங்காலங்களில் மனைவி நோட்டுத் திருத்திக்கொண்டே இதையெல்லாம் கேட்பாள். யாராவது உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று விசாரித்தால், “புழுவுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறாருங்க,” என்பாள். என் விளக்கத்தைக் கேட்டுவிட்டு ஒருமுறை, “ஏனுங்க, பரீட்சையில விடை தெரியாத பையன்தான் இவ்வளவு நீளமா எழுதுவான்,” என்றாள். எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் ஜீப் கிடைக்கவில்லை. பஸ்ஸில்தான் போக வேண்டும். நான் கிளம்பும்போது மாமியார் ஸ்வெட்டர் போட்டு, தலையில் ஸ்கார்ஃப் கட்டி, குடையோடு நின்றார்.

“நானும் வரட்டுங்களா? ஊட்டுல ஒத்தையில உக்காந்துக்கிட்டு என்ன பண்றது.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. கடுகுப் பொடியும் வாளியும் நான் எடுத்துக்கொண்டேன். மண்ணில் வைத்து எல்லை குறிக்கிற மரச்சட்டத்தை அவர் எடுத்துக்கொண்டார். கோத்தகிரி பஸ்ஸில் கண்டக்டர் அந்தக் காலிச் சட்டத்தைப் பார்த்து, “என்னங்கம்மா, சாமி படம் எங்கீங்க, கழண்டு விழுந்துருச்சா?” என்றார். மாமியார் ரொம்ப மரியாதையாக, “புழுவுக்குங்க,” என்றார். அதற்குப் பிறகு கட்டபெட்டு வரை கண்டக்டர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

மேல் சரிவில் முதல் இடத்தில் சட்டத்தை வைத்து, சருகை ஒதுக்கி, கடுகுத் தண்ணீரை ஊற்றினேன். மண் மஞ்சளாகி அதை உறிஞ்சிக்கொண்டது. ஒன்றும் நடக்கவில்லை. மாமியார் குத்துக்கல் ஒன்றில் உட்கார்ந்து, ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி சட்டத்துக்குள்ளேயே பார்த்தார். அப்புறம் ஓரத்தில் ஒரு மண் பொருக்கு லேசாக அசைந்தது. ஒரு நுனி வெளியே வந்து, நின்று, யோசிப்பதுபோல் காற்றில் தடவியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஐந்து நிமிடத்தில் சட்டத்துக்குள் மண் முழுக்க நெளிந்தது. கடைசியாக வந்தது ஒரு முழ நீளம் இருந்தது. வெளியே வர அதற்கே சில நிமிடம் ஆயிற்று. வெயில் பட்டதும் அதன் தோலில் நீலம் ஓடியது.

“இத்தனையும் அடியில இருந்துச்சுங்களா?” என்றார். “நாம பாட்டுக்கு மேல நின்னு பேசிக்கிட்டு இருந்தமே.”

“ஆமாங்கத்தை.”

“கண்ணு இருக்குதுங்களா இதுகளுக்கு?”

“இல்லீங்க. வெளிச்சத்தைத் தோல்லயே தெரிஞ்சுக்கும். மூச்சு விடறதும் தோல்லதான்.”

“அப்ப கடுகு எரியுமே.”

“எரியும். அதனாலதான் மேல வருது. உடனே கழுவி விட்டுரோணும்.”

அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, தட்டில் விட்டார். அருவருப்பே இல்லை. எண்ணிச் சொல்கிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். பாதி வெளியே வந்து உள்ளே போன ஒன்றை நான் கணக்கில் சேர்த்தபோது, “கைக்கு வராததை வந்ததா எழுதக் கூடாதுங்க மாப்பிள்ளை,” என்று கோடு போட்டு அடிக்கச் சொன்னார். அடித்தேன். எனக்கு அந்தப் புழுக்களைப் பார்க்க ஒரு காலத்தில் பரவசமாக இருந்திருக்கிறது. அன்று அந்தப் பரவசம் அவர் முகத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு டிவியை ஜன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த வாரம் கீழ்ச்சரிவுக்குப் போனோம். வழக்கம்போல அங்கே புழு கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஐம்பது வயதுப் பெண் ஒருவர், டீ நேரத்துக்குக் கூடையை இறக்கிவிட்டு எங்களிடம் வந்தார். தூக்கில் கொண்டுவந்திருந்த டீயை மாமியாருக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

“என்னம்மா பண்றீங்க இந்தப் புழுவெல்லாம் பிடிச்சு?”

மாமியார் மூன்று வாரத்தில் கற்றதையெல்லாம் அவருக்கு விளக்கினார். நானே அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கடைசியில், “இந்த எடத்துல மருந்தடிச்சும் புழு சாகறதில்லையாம். அது ஏன்னுதான் மாப்பிள்ளை மூணு வருசமாப் பாக்கறாரு,” என்றார்.

அந்தப் பெண் டீ குடிப்பதை நிறுத்தினார்.

“மருந்தா? இங்கயா?”

“ஆமா.”

“இங்க ஏதும்மா மருந்து. இது பூராவும் கீரைல்ல. மணத்தக்காளி, குப்பைக்கீரை எல்லாம் இங்கதான் லயத்துப் பொம்பளைங்க பறிக்கிறோம். மருந்தடிக்கிறது எங்க வீட்டுக்காரருதான். இந்த எடம் வந்தா மட்டும் டாங்கியில வெறும் தண்ணியை ஊத்திக்குவாரு. சூப்பர்வைசர் பார்த்தா அடிக்கிற மாதிரி தெரியணும்ல. மூணு வருசமா இங்க தண்ணிதான் அடிக்கிறாரு.”

நான் நோட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றேன். செத்த களை, ஈரம், வரைபடம் எல்லாம் வரிசையாக மனதில் வந்துபோயின. மருந்தடித்ததாக மாதாமாதம் கையெழுத்தாகி வந்த ரிஜிஸ்டரும் வந்தது. மூன்று வருடத்தில் ஒருநாள்கூட நான் மருந்தடிக்கும் நேரத்தில் வந்து பார்த்ததில்லை.

மாமியார் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“ஊட்டுக்காரர் தண்ணியடிக்கறாருன்னு ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் அழுவாங்க. நீ ஒருத்திதான் இவ்வளவு பெருமையாச் சொல்றே.”

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமியாருக்கு முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு சத்தமாகச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் குத்துக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். டீ கையில் கொட்டியது. ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. என் கை தானாக நோட்டில் நேரத்தைக் குறித்தது. பதினொன்று நாற்பது. ஏன் குறித்தேன் என்று தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண்ணுக்குப் பயம் வந்துவிட்டது.

“ஐயா, இதை எழுதிராதீங்க. அவருக்கு வேலை போயிரும்.”

“அவரைப் பத்தி எழுத மாட்டனுங்க,” என்றேன்.

“எழுத மாட்டாரு,” என்று மாமியாரும் சொன்னார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஸ்டோரில் அவருக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு அந்தப் பார்வை பழக்கமாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நான் ஃபோனை எடுத்தேன். என் கட்டைவிரல் மனைவியின் பெயர் வரை போய் நின்றது. இதைக் கேட்டால் அவள் எப்படிச் சிரிப்பாள், எந்த இடத்தில் குறுக்கே பேசுவாள் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டேன். அப்போதும் நெஞ்சில் ஒன்றும் இல்லை. வெளியே கேரட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு வழி விடாமல் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிய பிறகு மாமியார் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே, என் மனைவி உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிற நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் யாரும் உட்காராமலேயே ஐந்து மாதம் போயிருந்தது.

“சொல்லுங்க மாப்பிள்ளை,” என்றார்.

“என்னத்தைச் சொல்றதுங்க?”

“இன்னைக்கு நடந்ததை.”

“நீங்களும்தான் அங்க இருந்தீங்களே.”

“இருந்தேன். இருந்தாலும் சொல்லுங்க. சாயங்காலம் வந்து அவகிட்டச் சொல்லுவீங்கல்ல, நான் உள்ரூம்ல படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்.”

நான் ஆரம்பித்தேன். முதலில் ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி வந்தது. கீரை வந்த இடத்தில் கொஞ்சம் வேகம் பிடித்தது. வெறும் தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு, சூப்பர்வைசர் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி, ஒரு மனிதர் மூன்று வருடம் என் ஆராய்ச்சிக்கு மருந்தடித்த காட்சியைச் சொன்னேன். அந்தத் தண்ணீருக்கு நான் போட்ட வரைபடத்தைச் சொன்னேன். விடை தெரியாத பையனைப் பற்றி அவள் சொன்னதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டினார். புதிதாகக் கேட்பவர் போலவே, “அட, அப்பறம்?” என்றார். முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல். நான் அழவில்லை. தண்ணீர் எடுத்துவந்து வைத்தேன்.

திங்கட்கிழமை எங்கள் தலைமை விஞ்ஞானியிடம் போனேன். அந்த இரண்டு துண்டுகளில் மருந்து விழவில்லை, சரிபார்க்காதது என் தவறு என்றேன். எப்படித் தெரியும் என்றார். கீரை முளைத்திருக்கிறது என்றேன். அது உண்மைதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், “மூணு வருசமா அந்தக் கீரை உங்க கண்ணுல படலியா?” என்றார். பட்டதுதான். களை என்று எழுதிவைத்திருந்தேன்.

கட்டுரை போயிற்று. ஆனால் அவர் ஒன்று சொன்னார். மருந்தும் அடிக்காமல், களையும் எடுக்காமல், சாப்பிடுவதற்காக மட்டும் பெண்கள் பறித்த நிலத்தில்தான் புழு அதிகமாக இருக்கிறது. நாம் வைத்திருந்த கேள்வியைவிட அது நல்ல கேள்வி. எஸ்டேட்டுக்கு எழுதி, கீழ்ச்சரிவில் இனி மருந்து வேண்டாம், கீரை பறிக்கிற நிலமாகவே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கினோம். அந்த மனிதருக்கு அதற்குப் பிறகு தண்ணீர் சுமக்கிற வேலை இல்லை. அவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

ஜனவரியில் உறைபனி விழுந்தது. புழுவெல்லாம் ஆழத்துக்குப் போய்விடும், எண்ணுகிற வேலை கிடையாது. மழையும் முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் தம்பி ஃபோன் செய்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

“இல்லடா தம்பி, வர முடியாது. மழை வந்தா இங்க எனக்கு வேலை இருக்குது,” என்றார் மாமியார். அந்தப் பக்கம் என்ன வேலை என்று கேட்டிருக்க வேண்டும். “சொன்னா உனக்குப் புரியாது. நீ பனியன் கம்பெனிக்காரன்,” என்று வைத்துவிட்டார்.

  அன்று மத்தியானம் முட்டைக்கோஸ் பொரியலும் மிளகு ரசமும் வைத்திருந்தார். பொரியலில் உப்பு ஒரு கல் கூட. ஜூன் மாதத்திலிருந்து நான் சாப்பிட்டவற்றில், என்ன சாப்பிட்டேன் என்று நினைவில் நிற்கிற முதல் சாப்பாடு அது.