சைக்கிள் சங்கரியும் ஒன்பதாம் நம்பர் காடும்

சித்திரபுரத்துக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் போய் சிவசங்கரி வீடு எது என்று கேட்டால், "எந்தச் சங்கரி?" என்று திருப்பிக் கேட்பார்கள். "சைக்கிள் சங்கரி" என்றால் போதும். கேட் வாட்ச்மேன் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். முதலில் அந்தப் பெயரில் பாதிக்கு மேல் கேலிதான் இருந்தது.

சங்கரிக்கு முப்பத்து நாலு வயது. தேயிலை ஃபேக்டரியில் சல்லடை ரூமில் வேலை. காய்ந்த தேயிலையைச் சலித்துத் தூள் வேறு, இலை வேறு என்று பிரிக்கிற இடம் அது. எட்டு மணி நேரமும் மெஷின் தடதடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவளிடம் பேசுவதற்குக்கூட கத்த வேண்டும். வீட்டுக்கு வந்து மூக்கைச் சீந்தினால் டீ நிறத்தில் வரும். கணவர் சுடலைமணி மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார். எட்டு வயதில் ஒரு மகள், அகல்யா.

சைக்கிள் அவளிடம் வந்த விதம் வேடிக்கையானது. அவள் வாங்கவில்லை. யாரும் பரிசாகவும் கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பத்துப் பேர் வந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்தவர் அப்பாஸ். பாலக்காடு டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் ஃபேக்டரிக்கு மேலே இருந்த வளைவில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். டீ குடிக்க வெளியே வந்திருந்த சங்கரியும் அவள் தோழி பின்சியும்தான் ஓடிப்போய்த் தூக்கினார்கள். ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றியாகிவிட்டது. சைக்கிள் மட்டும் ஃபேக்டரி விறகுக் கொட்டகையில் நின்றது.

"அடுத்த முறை வர்றப்போ எடுத்துக்கிறேனுங்க. அது வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்" என்று அப்பாஸ் போனில் சொன்னார்.

அடுத்த முறை வருவதற்கு மூன்று மாதம் ஆனது. சும்மா நிற்கிற சைக்கிளைச் சங்கரியால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. முதலில் துடைத்தாள். பிறகு காற்றடித்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிவிட்டாள். சின்ன வயதில் வாடகைச் சைக்கிள் ஓட்டிய கால்தான். ஆனால் இது வேறு ஜாதி. முன்பக்கம் ஸ்பிரிங் வைத்து ஆடியது. டயர் மூன்று விரல் அகலம். கியரை மாற்றினால் ஏற்றம்கூட இறங்கி வந்ததுபோல இருந்தது. இறக்கத்தில் சீட்டில் உட்காரக்கூடாது, பெடலில் எழுந்து நிற்க வேண்டும் என்பதை நாலு முறை விழுந்து கற்றுக்கொண்டாள். முன் பிரேக்கைத் தனியாகப் பிடிக்கக்கூடாது என்பதை ஐந்தாவது முறை விழுந்தபோது கற்றுக்கொண்டாள்.

சைக்கிளை எடுத்துப்போக அப்பாஸ் ஜீப்பில் வந்த அன்று, சங்கரி கொழுந்து கிள்ளுகிறவர்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையில் சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு சர்ரென்று இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பயத்தில் வண்டியைக் கீழே போட்டாள்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. பெரிய கீறல் இல்லாமத்தான் வச்சிருந்தேன். இப்பத்தான் ஒண்ணு விழுந்திருக்கும்."

அப்பாஸ் சைக்கிளைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்தார். "ஏனுங்க, இந்த வளைவுலயா நீங்க இறங்கி வந்தீங்க? எங்காளு தோளை ஒடிச்சது இங்கதானுங்களே?"

"ஆமாண்ணே. அவரு பாறையையே பாத்துக்கிட்டு வந்தாரு. பாக்குற எடத்துக்குத்தானே வண்டி போவும்?"

அவர் சைக்கிளை எடுத்துப்போகவில்லை. விழுந்தவருக்கு இனி அது வேண்டாமாம், ஓட்டத் தெரிந்தவரிடமே இருக்கட்டும் என்றார். அடுத்த மாதம் ஒரு ஹெல்மெட்டும் பிரேக் கட்டைகளும் பார்சலில் வந்தன. சங்கரி அந்த அட்டைப் பெட்டியை இன்றும் தூக்கிப் போடவில்லை. அதில்தான் அகல்யாவின் பழைய நோட்டுகள் இருக்கின்றன.

அதன் பிறகு ஞாயிறு என்றால் சங்கரி காட்டில்தான். எஸ்டேட்டில் காடு என்றால் தேயிலைத் தோட்டம்தான். ஒன்றாம் நம்பர் காடு, இரண்டாம் நம்பர் காடு என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு. எந்தக் காட்டில் எந்தப் பாதை எங்கே வளைகிறது, மழைத்தண்ணீர் போக வெட்டிய கான் எங்கே குறுக்கே வருகிறது என்று அவளுக்கு அத்துப்படி. காலையில் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கிவிட்டு வந்தால் ஒரு வாரத்து மெஷின் சத்தம் காதிலிருந்து இறங்கிவிடும் என்பாள்.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவாத்து கேங்கில் மூத்தவரான மொக்கையனுக்கு அவள் முறையில் மருமகள். அதனால் வாய் சும்மா இருக்காது. "ஏ சங்கரி, பெட்ரோல் எவ்வளவு ஊத்துன?" என்பார். "புருசன் ஜீப்புல ஏத்திக்க மாட்டேங்கானா?" என்பார்.

"நீங்க பின்னாடி நின்னு தள்ளுங்க மாமா, பெட்ரோல் மிச்சம்" என்பாள் அவள்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த வருஷம் அப்பாஸ் ஒரு யோசனை சொன்னார். ஓணம் கழிந்த இரண்டாவது ஞாயிறு, இருபத்தாறு பேர் கலந்துகொள்ளும் ஒரு மலைச் சைக்கிள் ஓட்டம். சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சங்கரி தன் எஸ்டேட்டில் வழி காட்டினால் இங்கேயே வைக்கலாம்.

சங்கரிக்கு உடனே ஆசை வந்துவிட்டது. அவளுக்கு ஜெயிக்கிற ஆசையெல்லாம் கிடையாது. ஒரே ஒரு முறை, தன் ஆட்கள் பாதையின் இரண்டு பக்கமும் நின்று பார்க்க, மகள் பார்க்க, தான் மேலிருந்து கீழ்வரை இறங்கி வர வேண்டும். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னதான் செய்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். சாந்தன்பாறையில் போய் ஓட்டினால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

மேனேஜர் எஸ்டேட்டுக்குப் புதிது. அவர் ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். ஜீப் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் வண்டி அதிகம், அதில் விடமாட்டேன், வேறு வழி இருக்கிறதா? சங்கரி பென்சிலால் வரைந்து காட்டினாள். மேலே கோயிலில் தொடங்கி ஏழாம் காட்டைத் தொட்டு, ஒன்பதாம் காடு முழுவதும் இறங்கி, கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் முடியும்.

"அந்தக் காட்டில் வேலை எதுவும் வராதே?"

"வராது தொரை. ஒம்பதாம் நம்பருக்கு கவாத்து இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு."

அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல அவளிடம் கணக்கு இருந்தது. எஸ்டேட் ஆட்கள் வருஷத்தைக் கவாத்தை வைத்துத்தான் ஞாபகம் வைப்பார்கள். செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் கவாத்து. ஒவ்வொரு காட்டுக்கும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. அகல்யா பிறந்தது ஒன்பதாம் காட்டின் கவாத்து வருஷம். அப்படியென்றால் அவளுக்கு ஐந்து வயதில் ஒன்று, பத்து வயதில் ஒன்று. இப்போது எட்டு. கணக்கு சரிதானே?

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து பாதையைக் கடைசியாக ஒரு முறை பார்க்கப் போனாள். ஒன்பதாம் காட்டின் மேல்முனையில் அப்படியே நின்றுவிட்டாள். போன ஞாயிறு பார்த்த காடு இல்லை. பச்சை இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டைகள் நின்றன. ஒவ்வொரு கட்டையும் மழைத்தண்ணீர் தேங்காதபடி சாய்த்து வெட்டப்பட்டு ஈட்டிபோலக் கூராக இருந்தது. வெட்டிய கிளைகளும் மிளாறு என்கிற குச்சிகளும் பாதை முழுவதும் இடுப்பளவு குவிந்து கிடந்தன. பாதையே தெரியவில்லை.

மொக்கையன் கத்தியைத் தீட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, என்ன இது? இதுக்கு ரெண்டு வருசம் இருக்கே!"

"ஆரு சொன்னா?"

"அகல்யா பெறந்தப்ப வெட்டுனது. அஞ்சும் அஞ்சும் பத்து."

மொக்கையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏத்தா, கொழுந்து வெட்ட மெசினு வந்தப்பெறகு நாலு வருசத்துக்கு ஒருக்க வெட்டுல்லா! ஒம் மகளுக்கு நாலு வயசுல, அந்தக் கொரோனாவுல வெட்டுனோமே. ஃபேக்டரிக்குள்ளயே கெடந்தா காடு எப்படித் தெரியும்?"

சங்கரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கொரோனா சமயத்தில் ஃபேக்டரியும் வீடும்தான் என்று இருந்தாள். சைக்கிள் வந்த பிறகுதான் காட்டுக்கே வந்தாள். பாதை தெரிந்தது, செடியின் வயது தெரியவில்லை. தெரியாததை மேனேஜரிடம் அடித்துச் சொல்லியும் விட்டாள்.

அப்பாஸுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர் உடனே ஒரு வழி சொன்னார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பமுங்க. பாதை தெளிஞ்சா இங்க. இல்லீன்னா சாந்தன்பாறைக்குத் திருப்பிக்கிறேன். மனசு விட்டுறாதீங்க."

மிளாறை எடுத்தால் தீர்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அப்படி யாரும் எடுக்க முடியாது. கவாத்து விறகு காட்டு வேலைக்காரர்களின் பங்கு. அதுவும் காடு முழுவதும் வெட்டி முடிந்த பிறகுதான், தொழிலாளர் வீட்டு வரிசையான ஒவ்வொரு லயத்துக்கும் சீட்டுப் போட்டுச் செடிவரிசை பிரிப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு குச்சியைத் தொட்டாலும் சண்டைதான். ஃபேக்டரி ஆட்களுக்கு அதில் பங்கே கிடையாது. மலைக்குளிரில் குளிக்க வெந்நீர் வைக்க அந்த விறகை விட்டால் கேஸை எரிக்க வேண்டும். அதனால் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. தன் தப்புக்கு அவர்களுடைய விறகை எப்படிக் கேட்பது? அவள் யாரிடமும் கேட்கவில்லை. பின்சியிடம் மட்டும், மறுநாள் காலை சல்லடை மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தி, அழுதுகொண்டே சொன்னாள்.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம் யாருகிட்டயும்" என்றும் சொன்னாள்.

"நான் என்னத்தட்டி சொல்லப்போறேன்" என்றாள் பின்சி. டீ இடைவேளையில் நேராகக் கவாத்து கேங்கிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் விட்டதும் சங்கரி ஓடினாள். குறைந்தபட்சம் மிளாறை ஓரமாகத் தள்ளி வைக்கலாம், எடுத்துப்போனால்தானே தப்பு என்று ஒரு எண்ணம். மேல்முனைக்குப் போனால் காடு முழுக்க ஆட்கள். பெண்கள் விறகைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கவாத்து ஆட்கள் பெரிய கிளைகளைத் துண்டாக்கினார்கள். எல்லோரும் பாதையில் கிடந்ததை மட்டும்தான் எடுத்தார்கள். பாதைக்கு வெளியே கிடந்த ஒரு குச்சியையும் யாரும் தொடவில்லை. மேல்முனையில் மண் தெரிந்துவிட்டது.

"மாமா..." என்றாள்.

"வெறகுக்கு வந்தோம்" என்றார் மொக்கையன், நிமிராமலே. "ஃபீல்டு ஆபீசர்ட்ட கேட்டாச்சு. பாதையில கெடக்குறத மொதல்ல பிரிச்சுக்கிட்டோம். மிச்சத்துக்குச் சீட்டு பெறகு. ஒனக்கு இதுல பங்கு கெடையாது, தள்ளி நில்லு."

அவள் தள்ளி நிற்கவில்லை. இருட்டும்வரை அவர்களோடு சுமந்தாள். அப்பாஸின் ஆள் விழுந்த அந்தப் பாறை வளைவுக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே யாரோ வேலை செய்திருந்தார்கள். வளைவின் வெளிப்பக்கம் நின்ற கூர்க்கட்டைகளின் மேல் பழைய கொழுந்துச் சாக்குகளில் மிளாறை அடைத்து மெத்தைபோல அடுக்கி வைத்திருந்தார்கள். சங்கரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்று சொல்ல அங்கே மெஷின்கூட இல்லை.

பாதை தெளிந்துவிட்டது என்று அன்றிரவே அப்பாஸுக்குச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. "வழி போட்டவங்க முதல்ல போங்க" என்று அப்பாஸ் சங்கரியை முதல் ஆளாக விட்டார். ஒரு நிமிஷத்துக்கு ஒருவராகப் பின்னால் வருவார்கள். ஏழாம் காட்டை அவள் காற்றாகக் கடந்தாள். ஒன்பதாம் காட்டில் நுழைந்ததும் சத்தம் எழும்பியது. பாதையின் இரண்டு பக்கமும் ஆட்கள். சுடலைமணி தோளில் அகல்யா. "அம்மா! அம்மா!" என்ற கத்தல். பின்சியின் விசில். சங்கரி எதையும் பார்க்கவில்லை, பாதையையே பார்த்தாள். கானைத் தாண்டினாள். பெடலில் எழுந்து நின்று பாறை வளைவுக்குள் வந்தாள்.

அங்கே சாக்கு மெத்தைக்குப் பக்கத்தில் மொக்கையன் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்று சலவை வேட்டி கட்டியிருந்தார். கவாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. அவளுக்காகத் தட்டிக்கொண்டிருந்தன. சங்கரிக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரே ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும். வண்டி நேராக மொக்கையனுக்குப் போனது.

"ஏ மூதி!" என்று கத்திக்கொண்டு அவர் ஒரு பக்கம் பாய, சைக்கிளும் சங்கரியும் சாக்கு மெத்தையில் போய் விழுந்தார்கள். எல்லோரும் ஓடிவந்தார்கள். சாக்குகளுக்கு நடுவிலிருந்து சங்கரியின் சிரிப்பு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

"பெட்ரோல் தீந்திருச்சா?" என்றார் மொக்கையன், வேட்டியைத் தட்டிக்கொண்டே. அவரே ஹேண்டிலைப் பிடித்து வண்டியைத் தூக்கிப் பாதையில் நிறுத்தினார். "போ, போ. என்னையப் பாக்காத. கீழ பாத்துப் போ."

இருபத்தாறு பேரில் அவள் பத்தொன்பதாவதாக வந்தாள். கொட்டகையில் அகல்யா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அடுத்த வருஷமும் இங்கேதான் வைக்க வேண்டும் என்று அப்பாஸ் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த முறை ஆபீசில் கவாத்து அட்டவணையைப் பார்த்துத் தேதி வைப்போம் என்று மேனேஜர் சிரித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு கட்டு கவாத்து விறகு இருந்தது. ஒரே அளவாக வெட்டி, கயிற்றுக்குப் பதிலாக, போன மாதம் சங்கரி தூக்கிப் போட்ட பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது. யார் வைத்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டாள். யாரும் சொல்லவில்லை.

முழங்கையில் தோல் உரிந்திருந்தது. சுடலைமணி டியூபை அவிழ்த்து, அந்த விறகில் வெந்நீர் வைத்தார். பச்சை விறகு. முதலில் புகைந்தது, கண் எரிந்தது, பிறகு நன்றாகப் பிடித்துக்கொண்டது.