கம்ப்யூட்டருக்குத் தெரியாத தகடு

ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். இங்கே குழாய் நடக்கும். நீராவி விடுகிற அன்று காலையில் குழாயின் மேல் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால், மத்தியானம் ஒரு சாண் தள்ளி நிற்கும். ஓமன் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கு நீராவி கொண்டு போகிற குழாய் அது. தரைக்கு மேலே, கான்கிரீட் கட்டைகளின் மீது போகிறது. சூடானால் நீளும், ஆறினால் சுருங்கும். தக்கலையில் எங்கள் வீட்டுக் குழாய் சொட்டும். நடந்ததில்லை.

நடக்கிற குழாயை நடுநடுவே அசையாமல் பிடிக்க வேண்டும். அந்த இடம்தான் ஆங்கர். பெரிய கான்கிரீட் பிளாக். இரண்டு பக்கத்திலிருந்தும் குழாய் அதைத் தள்ளும். இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால் பிளாக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். எவ்வளவு மிஞ்சும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர் சாலிம், இந்த நாட்டு இன்ஜினியர். மூன்று டன் என்றார். அதற்குத் தகுந்தபடி கட்டினோம்.

குழாய் போட்டது என் கூட்டம். என்னோடு குளச்சல் ஸ்டீபன். கட்டைகளின் மேல் குழாய் பக்கவாட்டில் ஓடாமலிருக்க இரண்டு பக்கமும் இரும்புப் பிடி உண்டு. பிடிக்கும் குழாய்க்கும் நடுவே மூன்று மில்லி இடைவெளி விட வேண்டும். காற்றடித்தால் அந்த இடைவெளியில் குழாய் கடகடவென்று ஆடும். எனக்குப் பொறுக்கவில்லை. நான் முதலில் வேலை பார்த்தது ஆரல்வாய்மொழியில், காற்றாலைக்கு போல்ட் முறுக்குகிற வேலை. ஆடி மாதக் காற்றில் நின்று வேலை பார்த்தவனுக்கு ஆடுகிற இரும்பு என்றால் உயிர் ஆடுகிற மாதிரி. பிளாக்குக்குக் கிழக்கே, காற்று அதிகம் அடிக்கிற பக்கம் முழுக்க, இடைவெளிகளில் தகடு வைத்து அடித்து இறுக்கினோம். யாரும் சொல்லவில்லை. நாங்களாகச் செய்தோம். சாலிம் வந்து, "பிடி எல்லாம் முடிந்ததா?" என்றார். "முடிந்தது சார், நன்றாக இறுக்கியாச்சு" என்றேன். கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

நீராவி விட்ட அன்று பிளாக் அடியில் விரிசல் விட்டது.

மேனேஜர் கத்தினார். கணக்குத் தப்பு, சாலிமை அனுப்பிவிடுவோம் என்றார். சாலிம் மூன்று நாள் கம்ப்யூட்டரை விட்டு எழும்பவில்லை. எத்தனை தடவை போட்டாலும் மூன்று டன்தான் வந்தது. நான் போய் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தேன். மேற்கே ஒரு சாண் நடந்திருந்தது. கிழக்கே, நாங்கள் தகடு அடித்த பக்கம், ஒரு இம்மி நகரவில்லை. நீள இடமில்லாமல் அந்தப் பக்கம் முழுக்க பிளாக்கின் மேல் சாய்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. அதற்குத் தகடு தெரியாது.

ஸ்டீபனிடம் சொன்னேன்.

"ஏலே மக்கா, பேயாம இரி. நீ வாயத் தொறந்தா அடுத்த பிளைட்ல தக்கலதான்."

"அவரு வேல போவும்லா?"

"அவருக்கு இது சொந்த ஊரு. வேற வேல கெடைக்கும். நமக்கு?"

ஊரில் இருக்கிற மனைவிக்குப் போன் போட்டேன். "ஏட்டி, எனக்கு வேல போனா என்ன செய்வ?" என்றேன்.

"போனா போட்டு. வாழைக்குத் தண்ணி விட ஆளில்லாம நான் கெடந்து அல்லாடுதேன். வாங்க" என்றாள்.

மறுநாள் சாலிமின் அறைக்குப் போனேன். எட்டாம் வகுப்பு இங்கிலீஷில், "சார், பிளேட் வைத்தது நான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்து, பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார். சட்டைப் பையிலிருந்த தகட்டை எடுத்து பழத்தின் பக்கத்தில் வைத்தேன். கையால் அடித்து இறுக்குவது போலக் காட்டினேன். தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிழக்குப் பக்கம் குழாய் நகராது என்று கம்ப்யூட்டரில் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். பதினேழு டன். எழுந்து வந்து என் மூக்கில் அவர் மூக்கை உரசினார். இங்கே அது மரியாதையாம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

விஷயம் தெரிந்தும் மேனேஜர் என்னை ஊருக்கு அனுப்பவில்லை. தண்டனை, எல்லாத் தகட்டையும் நானே பிடுங்க வேண்டும். நாலு நாள். ஸ்டீபனும் வந்தான்.

"ஒன் வாய்க்கு எனக்கும் வெயிலா?" என்று ஒவ்வொரு தகட்டுக்கும் ஒருமுறை கேட்டான்.

பிளாக்கை உடைத்துப் புதிதாகக் கட்டி, போன வாரம் மறுபடி நீராவி விட்டோம். பக்கத்தில் நின்ற சாலிம், "அடுத்த லைனுக்கும் நீ இருக்க வேண்டும்" என்றார். சரி என்றேன். அந்நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன்.

"வேல போவலியா? சரி, கிறிஸ்துமசுக்கு வருவியளா? வந்தா பொறவு போவாம இங்கதானே இருப்பிய?"

அதற்கும் சரி என்றேன்.

போனைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். கிழக்கே கோடு நகர்ந்துகொண்டிருந்தது. மேற்கேயும் நகர்ந்துகொண்டிருந்தது. நடுவில் பிளாக்கின் மேல் கையை வைத்தேன். இரண்டு பக்கமும் தள்ளுகிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.